கடைசி முழங்கால்

"ஏனுங்க, கண்ணு தெரியலையா?"

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் காலை மழை. அபிநயாவின் குடைக் கம்பி அந்த நெடியவனின் கன்னத்தைக் கீறிவிட்டது. கீறியது இவள்... கத்தியதும் இவளே!

"குத்துனது நீங்க... திட்டு எனக்குங்களா?"

சிரித்தான். இமையில் மழைத்துளி... ஐயோ, அந்தக் கண்களைப் பார்த்திருக்கவே கூடாது! முறைத்துவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

இன்று சிரிக்க அவளுக்கு ஏது நேரம்? மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் மேற்படிப்பு. முழங்காலின் வெளிப்புறத்தில் சாய்வாக ஓடும் லிகமென்ட் என்ற ஒரு மெல்லிய நாரைக் காட்டுவதுதான் ஆய்வு. இதுவரை அறுத்த முழங்கால் எதிலும் அது அகப்படவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. "இதுலயும் இல்லைன்னா தலைப்பை மாத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர் வசந்தாமணி. இத்தனை நாள் உழைப்பும் தண்ணீரில் போய்விடுமா?

பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி. தார்ப்பாய் மடிப்புக்குள் கயிற்றைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார் டிரைவர். அந்தப் பக்கம் ஒருவர் இழுத்ததும் கயிறு விறைத்து வெளியே வந்தது. பார்த்தபடியே போனாள்.

டிசெக்‌ஷன் ஹாலில், உடல்தானம் செய்த பெரியவரைக் கும்பிட்டு நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள். எதிரே, கன்னத்தில் பிளாஸ்திரியோடு அவன்!

"எலும்பு மருத்துவப் பிரிவுங்க, பூபதி. காலைப் புடிச்சுக்கச் சொல்லி அனுப்புனாங்க. குடை கொண்டாரலையே?"

"வாயை மூடிட்டுப் புடிங்க."

"கோவிச்சுக்காதீங்க... அப்படி ஒரு லிகமென்ட்டே இல்லீங்க. எத்தனை ஆபரேஷன்ல நின்னிருக்கேன்!"

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. "இருந்துட்டா?"

"எல்லாரு முன்னாலயும் தோத்தேன்னு சொல்றேனுங்க!"

தோலை விலக்கினாள். தொடையிலிருந்து இறங்கும் அகலப் பட்டை தெரிந்தது. வழக்கம்போல் அதைச் சரசரவென்று உரிக்கப் போன கை, அப்படியே நின்றது. அந்தக் கயிறு! 'அடிப்பாவி... காலை நீட்டி வைத்தே உரித்தேனே! தொளதொளவென்று கிடந்த நாரையும் பட்டையோடு நானேதான் பிய்த்திருக்கிறேன்!'

இம்முறை அவசரப்படவில்லை. பட்டையை இழை இழையாகப் பிரித்துக் கீழே மடித்தாள்.

"முட்டியை மடக்குங்க."

வளையும்படி பதப்படுத்திய கால் அது. மெல்ல மடக்கினான்.

"பாதத்தை உள்பக்கம் திருப்புங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்!"

விண்ணென்று விறைத்து எழுந்தது ஒரு நார்! தொடை எலும்பின் வெளிக்குமிழில் தொடங்கி, சாய்ந்து இறங்கி, கீழ் எலும்பின் விளிம்பில் பதிந்திருந்தது. அவன் பிடியைத் தளர்த்தினால் மறைந்தது. திருப்பினால் மறுபடியும் எழுந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார் வசந்தாமணி. "அட என் சாமி... இருக்குது!"

கைதட்டல் ஹாலையே அதிரவைத்தது. பூபதி மட்டும் கைதட்டவில்லை. காலைப் பதமாகக் கிடத்தினான். விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

அவளுக்குச் சப்பென்று ஆனது. 'இவ்வளவுதானா உன் வீராப்பு? தோத்தேன்னு சொல்ல வாய் வரலையா?' ஜெயித்தும் கண் கலங்கியது. அவன்மேல் அவ்வளவு கோபம்... எதற்கு இவ்வளவு கோபம் என்று அவளுக்கே புரியவில்லை.

தடதடவென்று காலடிச் சத்தம். கதவு திறந்தது. முன்னால் பூபதி... பின்னால் எலும்புப் பிரிவு டாக்டர்கள் அத்தனை பேரும்!

"இல்லைன்னு சொன்னவன் நான். இருக்குன்னு காட்டுனவங்க இவங்க. நான் தோத்துட்டேனுங்க!" குரல் கணீரென்றது. "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க!"

மறுபடியும் கைதட்டல். இம்முறை முதலில் தட்டியவன் அவன்தான்.

மாலை. கல்லூரி வாசலில் அதே மழை. குடையில்லாமல் நின்றிருந்தான்.

"இன்னொன்னும் சொல்லோணுங்க..."

"அதையும் எல்லாரு முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"கூப்பிடட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாம்!"

"உங்களைப் புடிச்சிருக்குதுங்க, அபிநயா. காலைல குடைல குத்துனப்பவே..."

முகம் சிவந்தது. குடையை விரித்து அவன் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

"கம்பி படாம கிட்ட வந்து நில்லுங்க... எனக்கும் அப்பவேதானுங்க!"