பின்சீட்டுப் பாரம்

பல் டாக்டர் தன் பழைய காரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. அவசரமாக இறங்கிச் சாவியை நீட்டினார்.

“அண்ணே, வாங்கினதுலேர்ந்தே இப்படித்தான். ரெண்டாவது கியர்லயே முனகிக்கிட்டுக் கிடக்கு. மூணாவதுக்குப் போறதுக்குள்ள உயிர் போகுது.”

“பல்லுன்னா பிடுங்கிடுவீங்க. கியரை அப்படிப் பிடுங்க முடியாதே டாக்டர்!”

டாக்டர் சிரிக்கவில்லை. “நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் வரலை.”

பட்டறைக்காரர் எல்லாருக்கும் கியர் அண்ணன். மனைவி போன பிறகு அவருக்கு எல்லாமே ஒரே மகள்தான். பட்டறையை ஒட்டியே வீடு. மகள் நர்ஸ், மாலை வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவள். அந்த ஸ்கூட்டருக்குக் காற்றும் பிரேக்கும் பார்க்காமல் அவளை வாசல் தாண்ட விடமாட்டார்.

என்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். நல்ல சிவப்பு, கருகல் வாடை இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளும் சரியான இழுப்பில் இருந்தது. பிரஷர் மீட்டரை மாட்டினார். முள் நிற்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. இவ்வளவு ஆரோக்கியமான கியர்பாக்ஸுக்கு என்ன கேடு என்று எரிச்சலோடு வண்டியை எடுத்தார்.

பாலத்து ஏற்றத்தில்தான் அது புரிந்தது. வண்டி நகர, அவர் கால் வழக்கத்தைவிட அதிகமாக அழுத்த வேண்டியிருந்தது. மூட்டை ஏற்றிய வண்டி இப்படித்தான் போகும், கியரும் தாமதமாகத்தான் மாறும். கியர்பாக்ஸில் கோளாறே இல்லை. வண்டி எதையோ சுமக்கிறது.

கண்ணாடியில் பார்த்தார். பின்சீட் காலி.

ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை அடித்தது.

ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தார். அதிலும் ஒன்றுமில்லை. வலது பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டார், தாராளமாகப் போனது. இடது பக்கம் விரல்கூட நுழையவில்லை.

அவருக்குப் பிடரி சிலிர்த்தது. பயந்தால் வாய் துடுக்காகிவிடும் ஆள் அவர். திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

“வீடு வந்தாச்சு மகராசா, இறங்குங்க!”

ஸ்பிரிங் முனகியது.

வண்டியின் இடது பக்கம் மெல்ல மேலே எழும்பியது.

சிக்கியிருந்த ஸ்பிரிங் விடுபட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்னொரு சுற்று ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

பட்டறையில் காத்திருந்த டாக்டர் தானும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. “அண்ணே... பின்கதவைத் திறந்தீங்களா?” என்றார், காதோடு காதாக.

“ஆமா. ஏன்?”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டாக்டர் போயே போய்விட்டார்.

கியர் அண்ணன் அங்கேயே நின்றார். வீட்டுப் பக்கம் ஸ்கூட்டர் உறுமும் சத்தம் கேட்டது.

“அப்பா! இன்னைக்கு என்ன இது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது? காத்து பாத்தீங்களா இல்லையா?”

காலையில்தான் பார்த்திருந்தார். டயர் கல் மாதிரி இருந்தது.

ஓடினார். மகள் ஹெல்மெட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சீட் பள்ளமாக அமுங்கியிருந்தது. அதே ஈர வாடை.

“இறங்கும்மா,” என்றார். “கேள்வி கேக்காதே. இறங்கு!”

மகள் பயந்துபோய்க் குதித்து இறங்கினாள்.

சீட் எழும்பவில்லை.