வைப்பர் துடைக்காத மூலை

"இது இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான வண்டி," என்றார் அப்பா.

"கிழிச்சது," என்றார் ஸ்பினெக் சித்தப்பா. "அப்படின்னா ஸ்டியரிங் வலது பக்கம்ல இருக்கணும்? இது நம்ம ஊரு வண்டி மாதிரி இடது பக்கம்ல இருக்கு."

ஜிட்கா கண்களை மூடிக்கொண்டாள். செக் நாட்டின் ஒலோமோட்ஸ் நகரத்து அந்தக் கராஜில் வசந்தம் முழுக்க இதே பேச்சுதான்.

இன்று முடிவு தெரிந்துவிடும். பழைய கார்களைச் சோதிக்கும் குழுவிலிருந்து சுஹான்கோவா என்ற அம்மையார் வந்திருந்தார். எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி என்று நிரூபித்தால்தான் பாரம்பரிய எண்பலகை கிடைக்கும். கிடைக்காவிட்டால் வண்டியை உதிரி பாகங்களுக்காகப் பிரித்து எடுத்துக்கொள்ளும்படி அப்பா சித்தப்பாவிடம் வாயை விட்டிருந்தார். அதன் ஒவ்வொரு திருகையும் துடைத்தவள் ஜிட்கா. அவளை யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா இப்போதே கதவைத் தட்டிப் பார்த்தார்.

"கதவை விடுங்க சித்தப்பா."

"சும்மா பாக்குறேன்மா."

"இங்கிலாந்து போய்த் திரும்பி வந்ததுன்னு வித்தவர் சொன்னாரு மேடம்," என்றார் அப்பா.

"விக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் சுஹான்கோவா அலுப்புடன். "ஓட்டிக் காட்டுங்க."

எல்லோரும் ஏறினார்கள். தெருவுக்கு வந்ததும் மழை பிடித்தது. அப்பா வைப்பரைப் போட்டார். கழுத்தை நீட்டினார். சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"சனியன், ஒண்ணும் தெரியல."

"எனக்கு நல்லாத் தெரியுதே," என்றாள் பக்கத்து இருக்கையில் ஜிட்கா.

"உனக்குத் தெரிஞ்சு என்ன? நீயா ஓட்டுற?"

ஜிட்கா கண்ணாடியைப் பார்த்தாள். வைப்பர் அவள் பக்கம் ஓரம்வரை துடைத்தது. அப்பா பக்கம் பெரிய மூலையொன்றை விட்டுவிட்டது.

"அப்பா, நிறுத்துங்க. ஓட்டுறவருக்குத்தானே நல்லாத் துடைக்கணும்? அப்போ அவர் என் இடத்துலதான் உட்கார்ந்திருக்கணும்."

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

சுஹான்கோவா இறங்கி வந்து, ஜிட்காவின் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினார். முன்பக்கத் தகட்டில் வட்டமாக ஒரு துளையை மூடிப் பற்றவைத்த தடம் இருந்தது.

"ஸ்டியரிங் கம்பி இந்த வழியாத்தான் போயிருக்கு. இங்கிலாந்து வண்டிதான். யாரோ பிறகு மாத்தியிருக்காங்க." அப்பாவிடம் திரும்பினார். "பழையபடி வலது பக்கம் வைங்க. பலகை தர்றேன்."

"திரும்பவும் பிரிக்கணுமா?" அப்பா தலையில் கை வைத்தார்.

"பிரிக்கத்தானே நான் வந்திருக்கேன் அண்ணே," என்றார் சித்தப்பா.

கோடை முடிவதற்குள் எண்பலகை வந்தது. முதல் சவாரியில் ஜிட்கா இடது இருக்கையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி போனாள். சிக்னலில் நின்ற போலீஸ்காரர், ஊரில் எல்லோரும் ஸ்டியரிங் பிடிக்கும் இடத்தில் ஒரு சிறுமியைக் கண்டு வாய் பிளந்தார்.

அவள் அவருக்கு இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினாள்.