சாப்பிட்டாச்சு

"சாப்பிட்டீங்களா மதினி?"

"ஆச்சு ஆவுடை, இப்பத்தான்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செண்பகவல்லியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாத்தனார் வீட்டில் கால் வைத்ததும் பசிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? காலையிலிருந்து அவள் வயிற்றில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

இடுப்பிலிருந்த மருந்துப்பட்டை மெல்ல அதிர்ந்து, காதுக்குள் பேசியது. "மகிழ்ச்சி. உணவுக்கான இன்சுலின் செலுத்தப்பட்டது."

அவளுக்குப் பகீரென்றது.

சர்க்கரை ஏறுமுன்பே மருந்து போய்விட வேண்டும் என்பதால், பட்டை அவள் பேச்சை எப்போதும் ஒட்டுக்கேட்கும். சாப்பிட்டேன் என்று அவள் சொன்னால், அது மெய்யா என்று உள்ளிருக்கும் குரல்மானி பார்க்கும். குரல் நடுங்கினால் பொய். மனச்சோர்வில் சுருண்டு கிடந்த நாட்களில் அவள் சொன்ன 'ஆச்சு' எதையும் அது நம்பியதில்லை. அந்தச் சோர்வைப் போக்கத்தான் இதே பட்டையில் இணையவழி மகிழ்பயிற்சி கொடுத்தார்கள். நடந்த நல்லதைச் சொல், நன்றி சொல், எதையும் மலர்ந்த குரலில் சொல். மகராசி எல்லாப் பாடத்திலும் முதலாவதாகத் தேறினாள். இப்போது அவள் புளுகினால்கூடத் தேனாக ஒலிக்கிறது.

சாப்பாடு கேட்க வெட்கப்பட்டு, ஆவுடை சொன்ன கல்யாணக் கதைக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கதை முடிவதற்குள் விரல்கள் உதறத் தொடங்கின. நெற்றி வியர்த்தது.

"சர்க்கரை இறங்குகிறது. உடனே இனிப்பு சாப்பிடுங்கள்" என்றது பட்டை.

"ஆவுடை, கொஞ்சம் சீனி குடு. இல்லேன்னா மயங்கிருவேன்."

அதையும் சிரித்த முகத்தோடு சொல்லித் தொலைத்தாள்.

"சுகர்க்காரிக்குச் சீனியா? அண்ணன் என்னைய வையும்!" ஆவுடை விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்னெல்லாம் உம்முன்னு இருப்பீங்க. இப்பத் தமாசு வேற!"

செண்பகவல்லிக்குக் கண் இருட்டியது. செத்துப்போவோம் என்ற பயம், படித்த பாடத்தையெல்லாம் உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"நான் சாப்பிடலடி! செத்துருவேன்டி!"

அவள் வாய்விட்டு அழுததும்தான் ஆவுடையின் சிரிப்பு நின்றது. அடுப்படிக்கு ஓடி, சீனியை டப்பாவோடு தூக்கி வந்து அவள் வாயில் அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

பட்டை மறுபடி அதிர்ந்தது. "எதிர்மறை உணர்வு பதிவானது. முதல் பாடத்திலிருந்து தொடங்குவோம். இன்று நடந்த நல்லது ஒன்றைச் சொல்லுங்கள்."

"அழுதேன்" என்றாள் செண்பகவல்லி. குரலில் நடுக்கம் இன்னும் அடங்கவில்லை.

குரல்மானி ஒரு கணம் யோசித்தது.

"பொய்" என்றது.