பெயர் மாறிய பதினான்கு அடிகள்

கலியாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. அக்கா நிமலினி வேண்டாமென்றதால் தனுசியாவிடம் திரும்பிய சம்பந்தம். புங்குடுதீவிலிருந்து பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்தவள், இரஞ்சிதத்தின் அச்சக மேசையில் ஒரு தாளை வைத்தாள். மாப்பிள்ளை ஷாருஜன் கொடுத்த பாட்டு, பதினான்கு அடிகள்.

"அன்ரி, இது எனக்கு எழுதினதோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. என்ர பேர் வாற மூண்டு இடத்திலயும் காதில இடறுது."

இரஞ்சிதம் கல்வெட்டு அச்சிடுபவர். இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் அந்த நினைவு நூலுக்குப் பழைய பாட்டில் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். பெயர் மாறிய பாட்டு அவர் கண்ணுக்குத் தப்பாது.

"தர்சனாதான்," என்றாள் தட்டச்சு செய்யும் கோபிகா. "மாப்பிள்ளையும் அவளும் வேலை செய்யிறது ஒரே கந்தோரில. ஒரே மோட்டார் சைக்கிள்."

தனுசியாவின் நெஞ்சில் ஒரு மாதமாகக் குத்திய முள்ளும் அந்தப் பெயர்தான்.

"பொறும்." இரஞ்சிதம் மேசையில் விரலால் தட்டினார். "தனு, சியா. ரெண்டு தட்டும் எழுத்துச் சோடி. எல்லா அடியும் இந்த அளவிலதான் தொடங்குது. தர், சனா எண்டால் முதல் தட்டு ஒற்றை, புள்ளி எழுத்தை எண்ணுறேல்லை. தர்சனா இதுக்குள்ள வர ஏலாது."

"அப்ப நான்தானே?"

"இதை வாசியும்."

தனுசியா என்றே நெடுங்கடல் சொல்லும்
இமையினை மூடினும் எதிரொலி கேட்கும்

"ஏழு சோடி அடி. நாலு சோடியில எதுகை சுத்தம். ரெண்டாம் எழுத்து ஒத்துப்போகுது. உம்மட பேர் வாற மூண்டிலதான் இல்லை. அதுகளின்ர மற்ற அடி எப்பிடித் தொடங்குது?"

"இமையினை, சுமையினை, அமுதினை," கோபிகா வாசித்தாள்.

"எல்லாம் மகரம். அப்ப பழைய பேரின்ர ரெண்டாம் எழுத்தும் அதுதான். இனி மோனை, முதல் எழுத்துப் பொருத்தம். ‘நெடுங்கடல்’ எண்டதோட சேர அடித் தொடக்கத்தில ‘நி’ இல்லாட்டி ‘நெ’ நிக்கவேணும். அளவு சரியெண்டு மாத்தினவர் எதுகை மோனையை மறந்திட்டார்."

"நி... ம..." என்று தொடங்கிய கோபிகா, தனுசியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அக்கான்ர பேரைப் போட்டு ஒருக்கா வாசியுங்கோ, அன்ரி."

இரஞ்சிதம் தயங்கி வாசித்தார். பதினான்கு அடியும் தங்குதடையில்லாமல் ஓடின. நல்ல பாட்டு. அதுதான் தனுசியாவுக்குப் பொறுக்கவில்லை.

அவள் தகப்பனுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, கலியாணத்தை நிப்பாட்டுங்கோ. அக்கா ஏனெண்டு கேட்டால், எனக்கு ஆளைப் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."