655 கிராமுக்குக் கீழே

1979, மே 14, திங்கட்கிழமை. காலை 10.10. பிள்ளையார்பாளையத்தில் வீரபத்திரனின் தறிக்கு நெசவாளர் சங்கம் அரக்கு முத்திரை வைத்தது. குற்றம், சங்கம் கொடுத்த பட்டு நூலைத் திருடியது. தடயம், 640 கிராம் எடையுள்ள ஒரே ஒரு சேலை. மாலை நான்கு மணிக் கூட்டத்தில் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்கு வேறு எந்தச் சங்கமும் நூல் தராது. இதற்குள் சங்க வாசல் கரும்பலகையில் அவர் பெயர் ஏறிவிட்டது, பக்கத்தில் ‘திருட்டு’ என்ற சொல்லோடு.

அதை எழுதிய கை இளங்கோவனுடையது. புள்ளிவிவர உதவியாளர், வயது இருபத்தெட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா. சேலை இளைத்திருக்கிறதே என்று சங்கத் தலைவர் ராஜகோபால் சந்தேகப்பட, துப்புத் துலக்க வந்த சூரர்.

பதிவேட்டில் சேலைகளின் சரியான எடை கிடையாது. இத்தனை கிராமிலிருந்து இத்தனை வரை இத்தனை சேலை என்று கோடு கிழித்து எண்ணியதுதான் இருந்தது. ஒரே ரகம், மொத்தம் முந்நூறு. 650 கிராமுக்குக் கீழே 9. 650 முதல் 675 வரை 30. அதற்கு மேல் இருபத்தைந்து கிராமுக்கு ஒரு படியாக 84, 102, 57. 750ஐத் தாண்டியவை 18.

இதற்குக் கீழே இறங்கினால் சந்தேகம் என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். நூற்றுக்கு ஐந்து சேலை எந்த எடைக்குக் கீழே விழும்? முந்நூறில் பதினைந்து. ஒன்பது போக இன்னும் ஆறு வேண்டும். அடுத்த படியில் முப்பது இருப்பதால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து கிராம் ஏறினால் போதும். கோடு 655.

அதோடு விட்டாரா? அந்தக் கோடு எவ்வளவு ஆடும் என்று பார்க்க, சேலைக்கு ஒன்றாக முந்நூறு எடைச் சீட்டு எழுதிப் பித்தளை அண்டாவில் போட்டார். சங்கத்தில் பெருக்க வரும் அங்கம்மாள் ஒரு சீட்டு எடுப்பாள், அவர் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்குவார். இப்படி முந்நூறு முறை எடுத்தால் ஒரு சுற்று, அதற்கு ஒரு புதுக் கோடு. நாலு நாளில் நாற்பது சுற்று. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றைத் தள்ளினால், கோடு 649க்கும் 661க்கும் நடுவிலேதான் ஆடியது. 640 அதற்கும் வெளியே. ‘ஐயமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது சிரிப்பு வேறு.

காலை 11.30. வீரபத்திரனின் மனைவி கங்கையம்மாள் சங்கத்துக்கு வந்து இளங்கோவன் முன் நின்றாள். அழவில்லை.

“சார், மீதி ரெண்டு சேலை தறியிலயே இருக்குது. முத்திரைய எடுங்க, நெய்ஞ்சு குடுத்துட்றோம். மூணையும் சேத்து எடை போட்டுப் பாருங்க.”

“எதுக்கும்மா சேத்துப் போடணும்?”

“எப்பவும் அப்டித்தானே சார் போடுவாங்க?”

இளங்கோவன் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். 9, 30, 84, 102, 57, 18. ஐயோ! ஒன்று விடாமல் எல்லாமே மூன்றால் வகுபட்டன. ஐந்து நாளாகக் கண்ணெதிரே இருந்த எண்கள்.

11.50. எடை போடும் கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார்.

“தறியில ஒரு பாவு நூல் ஏத்தினா எத்தனை சேலை வரும்?”

“மூணு சார். காஞ்சிபுரத்துல இது யாருக்குத் தெரியாது?”

“எடை?”

“மூணையும் ஒண்ணா வச்சு, வர்றதை மூணால வகுத்து, அந்தக் கட்டத்துல மூணு கோடு கிழிச்சுடுவேன். நூலும் மூணுக்கும் சேத்துத்தானே குடுக்கறோம்?”

“வீரபத்திரனோடது?”

“கல்யாண அவசரம், ஒண்ணை மட்டும் அறுத்துக்கினு வான்னு தலைவரு சொன்னாரு. தனியாத்தான் போட்டேன்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே சார்.”

12.30. அலமாரியில் இருந்த பத்துப் பாவுச் சேலைகள் முப்பதும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின. நான்கு சேலை 640க்கும் கீழே. இளைத்த ஒவ்வொன்றுக்கும் அதே பாவில் கூடப்பிறந்த மற்ற இரண்டும் கொழுத்திருந்தன. நான்கில் ஒன்று ராஜகோபால் வீட்டுத் தறியில் நெய்தது.

மதியம் 2.00. ‘கணக்கில் சிறு திருத்தம்’ என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட இளங்கோவன் நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

மாலை 4.00. கூட்டத்தில் அறுபது பேர். வீரபத்திரன் கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை.

“சொல்லுங்க சார், திருடினது இவர்தானே?” என்றார் ராஜகோபால்.

இளங்கோவன் எழுந்தார். “தனிச் சேலை ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். மூணைச் சேத்து வகுத்தா அந்த மேடு பள்ளம் அமுங்கிப் போயிடும். அமுங்கின எடையை வச்சு நான் கோடு போட்டேன், அதுல இவரோட ஒத்தைச் சேலைய நிறுத்தினேன். முந்நூறு சேலைன்னு நினைச்சேன். உண்மையில அது நூறு பாவு. அண்டாவுல போட்டதே தப்பு, எத்தனை வாட்டி குலுக்கினாலும் தப்புதான் வந்திருக்கும்.”

“அப்ப திருட்டு?” என்றார் ராஜகோபால்.

“இவர் பட்டு எடுத்தார்னு சொல்ல எந்தத் தடயமும் இல்ல. இவரோட பேர் திருடு போச்சு. எடுத்தவன் நான்.”

கூட்டம் கதவுப் பக்கம் திரும்பியது. கதவோரத்திலிருந்து வீரபத்திரன்தான் கேட்டார்: “நாப்பது சுத்து எடுத்தீங்களாமே சார். ஒரு சுத்துலயாவது, என்னைக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேக்கணும்னு சீட்டு வரலியா?”

இளங்கோவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கரும்பலகையில் வீரபத்திரன் என்ற பெயரை மட்டும் கைக்குட்டையால் அழித்து, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். பக்கத்துச் சொல்லைத் தொடவில்லை.

அங்கம்மாள் ஈரத்துணியோடு துடைக்க வந்தாள்.

“நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும்மா,” என்றார்.