பால்கனி கேட்ட குரல்

பகல் 12.25.

சலவைத் துணி ஏற்றிப்போக வந்த வேன்காரர்தான் முதலில் பார்த்தார். ஹோட்டலின் பின்பக்கச் சிமென்ட் தரையில் ஒரு பெரியவர் மல்லாந்து கிடந்தார். வெறுங்கால். உயிர் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆறாம் மாடியில் ஒரே ஒரு பால்கனிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

ரிசப்ஷனில் இருந்த பெண் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். 604-ஆம் அறைக் கதவு உள்ளே சங்கிலி போட்டிருந்தது. தட்டினாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. ஈரத் தலையோடு ஓர் அம்மாள் வந்து, கதவோடு ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியை நகர்த்திவிட்டுச் சங்கிலியைக் கழற்றினாள். கதவின் உள்பக்கப் பிடியில் ரிப்பனால் கட்டியிருந்த சின்ன மணி கிணுகிணுத்தது.

வந்தவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். கட்டில் காலி. பிறகு பால்கனியைப் பார்த்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

1.15.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதைத் தொடும் பெண்மணி. ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகும் சும்மா இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எதிராளி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவார். இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தந்திரம் அதுதான் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள்.

இறந்தவர் ரயில் இன்ஜின் டிரைவர். ஓய்வு பெற்று ஒரு மாதம். வேலை பார்த்த காலத்தில் யார்டைத் தாண்டிப் போனதில்லை; பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிச் சேர்க்கும் இன்ஜினோடு முப்பது வருடம். வாழ்நாளில் முதல் தடவையாகக் கணவனும் மனைவியும் வேறு ஊருக்கு வந்து, நகரத்தின் நடுவில், ஆடம்பரமும் இல்லாத அழுக்கும் இல்லாத ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தங்க ஏற்பாடு. வந்து இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றி வந்தார். படுக்கை ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. பக்கத்து மேசையில் டிரைவரின் கண்ணாடி, கூட்டுக்குள் பத்திரமாக மூடி. இரண்டு பெட்டிகள் பால்கனிக் கதவின் ஓரமாக, ஒன்றையொன்று தொட்டபடி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பால்கனிக் கம்பியில் தூசி கலைந்து விரல் தடங்கள். அவை கம்பியின் உள்பக்கம், அதாவது அறையை நோக்கிய பக்கம், மடங்கியிருந்தன. கம்பிக்கு வெளியே ஒரு சாண் விளிம்பு. அதில் கால் விரல்களின் தடம் இருந்தது. அதுவும் அறையைப் பார்த்துத்தான்.

"குதிக்கிறவன் வீதியைப் பார்த்துல்ல நிப்பான்?" என்றார் ஏட்டு. "தள்ளினா தடமே இருக்காது. இது ரெண்டுலயும் சேரலையே மேடம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தத் தடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1.50.

மனைவியைக் கீழே காலை உணவுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். ராத்திரி முழுக்க ரயில் பயணம். அவர் கண்ணே மூடவில்லை, வாசலிலேயே நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். தான் குளிக்கப் போகும்போது உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம்கூட இருக்காது. மணி எதற்கு என்றதற்குச் சும்மா, பழக்கம் என்றாள். நாற்காலிக்கும் அதே பதில்தான். பெட்டிகளைப் பால்கனிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது தான்தான் என்றும், ஓரத்துக்கு நகர்த்தியது தானில்லை என்றும் சொன்னாள்.

"அந்த ரூமை யார் கேட்டது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் சும்மா இருந்தார்.

"முதல்ல வேற ரூம். அப்புறம் நான்தான் போன் பண்ணி மாத்தினேன்," என்றாள் அவள். "எழுதிக்குங்க."

எழுதிக்கொள்ளச் சொன்ன அந்த அவசரம் இன்ஸ்பெக்டரின் மனதில் முள்ளாகத் தைத்தது.

3.00.

ரிசப்ஷன் பெண் சொன்னது வேறு கதை. அந்த அம்மாளுக்கு ஹோட்டலில் 'ஜன்னல் அம்மா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்களாம். நான்கு மாதமாகப் போன். ஜன்னல் திறக்குமா, எவ்வளவு திறக்கும், அறையிலிருந்து படிக்கட்டு எத்தனை அடி தூரம், கதவில் சங்கிலி உண்டா, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா. சாப்பாட்டைப் பற்றியோ சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றியோ ஒரு கேள்வி கிடையாது. கடைசியில் முதல் மாடியில், கண்ணாடி நிரந்தரமாக அடைத்த ஓர் அறையைப் பேசி முடித்தாள். யாரும் விரும்பிக் கேட்காத அறை என்பதால் ரிசப்ஷன் பெண்ணுக்கும் நிம்மதி.

போன வாரம் இவள் விடுப்பில் இருந்த ஒரு நாள், யாரோ போன் செய்து அறையை மாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தில் மாற்றுவேலைக்கு இருந்த கிளார்க்கின் கையெழுத்து: 'ஆறாம் மாடி, பால்கனி, ரயில் பாதைப் பக்கம்.'

"இன்னைக்கு வந்து சாவியைக் கையில வாங்கினதும் அந்தம்மா முகம் செத்துப்போச்சு மேடம். பழைய ரூமே வேணும்னு கெஞ்சினாங்க. அதுல ஆள் இருக்கு, ரெண்டு மணிக்குக் காலி ஆகும், மாத்தித் தர்றேன்னேன். அதுவரைக்கும் லாபியில இருக்கோம்னாங்க. அவர்தான் கேக்கல. மேல போய்ப் பால்கனியில நின்னு, அது எந்த இன்ஜின், இது எந்த இன்ஜின்னு என்கிட்ட காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி."

தானே கேட்டு வாங்கிய அறையை ஒருத்தி ஏன் மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்? சந்தேகம் தன்மேல் விழாதிருக்க நாடகம் என்றார் ஏட்டு. நாடகம் ஆடுகிறவள், அறையை மாற்றியது நான்தான் என்று தானே முன்வந்து சொல்வாளா என்று திருப்பிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

4.30.

மகள் வந்து சேர்ந்தாள். இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அப்பாவை அடையாளம் காட்டிவிட்டு நேராக ஹோட்டலுக்கு வந்திருந்தாள். அம்மா இருக்கும் கூடத்துக்குள் போக மறுத்துவிட்டாள்.

"எங்கம்மாவை விடாதீங்க," என்றாள். அழுகை வற்றிப்போன குரல். "சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன். ராத்திரி ஆனா அவங்க ரூம் கதவுக்கு உள்பக்கம் பூட்டு. சாவி அம்மா தலையணைக்கு அடியில. அப்பா கதவைப் பிடிச்சு ஆட்டுறது எனக்குக் கேக்கும். 'படுங்க, போய்ப் படுங்க'ன்னு அம்மா அதட்டுறதும் கேக்கும்."

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"அவர் கூடச் சேர்ந்தவங்கெல்லாம் நீண்ட தூர ரயில் ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. இவரை அம்மா யார்டை விட்டு நகர விடல. ராத்திரி வீட்ல இருந்தாகணும். இங்க தங்கறதுக்குக்கூட முதல்ல அவங்க பிடிச்ச ரூம் எது தெரியுமா? ஜன்னல் திறக்காத ரூம். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ரெண்டு நாள் காத்து வாங்கக்கூடக் கொடுத்து வைக்கல."

5.10.

மாற்றுவேலைக் கிளார்க்கைப் போனில் பிடித்தார்கள். பேசியது ஒரு பெண். பதிவு எண்ணைச் சரியாகச் சொன்னதால் அந்த அம்மாள்தான் என்று நினைத்து மாற்றிக் கொடுத்தாராம். வேறு என்ன பேசினாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கிளார்க் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தண்டவாளம் பக்கம்னா விடியறப்ப சத்தமா இருக்குமேன்னு நான் எச்சரிச்சேன். அவங்க சிரிச்சாங்க. 'அவர் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார், ரயில் சத்தம் கேட்டாத்தான் எழுந்திருப்பார்'னாங்க. அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுதாமல் திரும்ப வைத்தார். பிறகு ஏட்டிடம், டிரைவர்கள் இன்ஜினை விட்டு எப்படி இறங்குவார்கள் என்று கேட்டார்.

"ஏணியில இறங்குற மாதிரிதான் மேடம். முதுகு வெளியில, முகம் இன்ஜினைப் பார்த்து, ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு..."

ஏட்டு பாதியில் நிறுத்திவிட்டார்.

5.40.

உணவுக் கூடத்தில் மனைவி இருந்த இடத்திலேயே இருந்தாள். வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார்ந்தார்.

"போன்ல ரூம் மாத்தினப்ப நீங்க சொன்ன தமாஷ் என்னம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கண்ணாடி கூட்டுக்குள் இருந்தது. விழித்திருக்கும் மனிதர் வேடிக்கை பார்க்கக் கண்ணாடி போடாமல் போக மாட்டார். பெட்டிகளை அவர் உதைத்துத் தள்ளவில்லை, ஒழுங்காக நகர்த்தி வைத்திருக்கிறார். கம்பியைத் தாண்டி, அறைக்கு முகம் காட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முப்பது வருடம் இறங்கியதுபோல இறங்கியிருக்கிறார். கீழே படி இல்லை.

"உங்க வீட்டுக்காரருக்குத் தூக்கத்துல நடக்கிற வியாதி. ராத்திரி முழுக்கக் கண் விழிச்ச அசதி வேற. மணி, நாற்காலி, பூட்டு, நாலு மாசமாக் கேட்ட கேள்வி எல்லாம் அதுக்குத்தான். இப்படி ஒருத்தரைக் காவல் காத்தவங்க, 'அவர் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார்'னு சொல்ல மாட்டாங்க. அதைச் சொன்னவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது. ஆனா பதிவு எண் தெரியும். நீங்க அதை ஒரே ஒருத்தர்கிட்டதான் கொடுத்திருப்பீங்க."

மனைவி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் யாரிடமும் சொல்லவில்லையாம். ஆபீசுக்குத் தெரிந்தால் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால்தான் ராத்திரி வீடு திரும்பும் யார்டு வேலையை அவரே கேட்டு வாங்கினார். மகள் சிறு பிள்ளை, வெளியில் உளறிவிடுவாள் என்று அவளிடமும் மறைத்தார்கள். வளர்ந்த பிறகு சொல்லிவிடலாம் என்று இவள் சொன்னபோது, மகள் கண்ணில் தான் நோயாளியாகத் தெரியக் கூடாது என்றார் அவர். இன்று, நான் வரும்வரை படுக்காதீர்கள் என்றுதான் சத்தியம் வாங்கிக்கொண்டு குளிக்கப் போனாள். எப்போது சாய்ந்தாரோ.

"அவர் தூக்கத்துல நடப்பார்னு நீங்க சொல்ற அந்த நிமிஷமே அவளுக்கு மீதி புரிஞ்சிடும்," என்றாள். "அவளுக்கு இருபத்தெட்டு வயசுதான் ஆகுது. இன்னும் எவ்வளவு காலம் அதைச் சுமப்பா? நான் பண்ணதாவே இருக்கட்டும். தள்ளிட்டேன்னு எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"பொய்யா எழுத என்னால முடியாதும்மா."

"அவ என்னை வெறுத்துட்டுப் போகட்டும். தன்னையே வெறுக்கக் கூடாது."

இந்தத் தடவை மௌனத்தைத் தாங்க முடியாமல் போனது இன்ஸ்பெக்டருக்குத்தான்.

"குற்றவாளின்னு பேர் எழுத இதுல யாரும் இல்ல," என்றார். "விபத்து. அப்படித்தான் எழுதப் போறேன். ரூமை மாத்தினது யார்னு கோர்ட்ல கேட்பாங்க, அன்னைக்கு அவ அதை யாரோ ஒரு வக்கீல் வாயால கேக்க வேண்டாம். நீங்க சொல்லுங்க."

6.30.

மகள் வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். இன்ஸ்பெக்டர் வாசல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

"அப்பா தூக்கத்துல நடப்பார்," என்றாள் தாய். "கல்யாணமான முதல் வாரத்துலேர்ந்து."

மகள் முதலில் நம்பவில்லை. பிறகு அவள் முகம் மாறத் தொடங்கியது. பூட்டும் சாவியும் அதட்டலும் யார்டும் அவளுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வேறு முகம் காட்டின. கடைசியில் அவள் வந்து நின்ற இடம் எது என்று பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் தெரிந்தது. கைப்பை தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

"அந்த ரூம் நான் கேட்டதும்மா. அப்பா எழுந்ததும் ரயிலைப் பார்க்கட்டும்னு."

"தெரியும்."

"எப்போ?"

"சாவியைக் கையில வாங்கினப்பவே. அப்பாவுக்கும் புரிஞ்சிடுச்சு. பால்கனிக்கு ஓடி, 'பாத்தியா, என் பொண்ணு வேலை'ன்னார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதனாலதான் என்னால பிடிச்சு இழுத்துட்டு வர முடியல. நான் சொல்லியிருந்தா நீ பண்ணியிருப்பியா? அதை நெனச்சுக்கோ."

மகளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆறுதலாக இருக்க எதுவும் அந்தக் கூடத்தில் இல்லை. இன்று அம்மாவைப் பற்றி இதே வாயால் என்ன சொன்னோம் என்று அவள் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார், அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதுபோல.

பிறகு மகள் கேட்டாள்.

"வீட்ல அப்பா எங்கே போவார், அம்மா?"

"பாதி நாள் டியூட்டிக்குத்தான். கதவைத் திறக்கச் சொல்லி ஆட்டுவார்." என்றாள் தாய். "நீ ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்ப ஒரு தடவை, பூட்ட மறந்துட்டேன். உனக்கு நல்ல காய்ச்சல். முழிச்சுப் பார்த்தா ஆளைக் காணோம். ஓடி வந்தா உன் கட்டில் பக்கத்துல நிக்கிறார். தூக்கம்தான், கண் எங்கேயோ பார்க்குது. ஆனா கை மட்டும் உன் நெத்தியில. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு, போர்வையை இழுத்து விட்டுட்டு, தானா திரும்பி வந்து படுத்துட்டார்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'நானா?'ன்னார். நம்பவே இல்ல."

ஏட்டு, நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு வாசலுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். உள்ளே மகள் மேசையைச் சுற்றி வந்து தாயின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தாயும் தொடவில்லை.

"இன்னும் சொல்லுங்கம்மா," என்றாள் மகள். "வேற எங்கெல்லாம் போனார்?"