கடைசிப் பக்கத்து நீல மை

கரமனை பஸ் ஸ்டாப்பில் அன்று பெய்த மழை... இப்போது நினைத்தாலும் நாச்சியாருக்குக் கன்னம் சூடாகிவிடும்.

குடையை மடக்கும்போது ஹெட்செட் வயர் சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. மறுநொடி, பையிலிருந்த போனில் ஓடிய ஒலிப்புத்தகம் எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கியது.

"தளபதியாரே! இளவரசியின் கையைப் பிடிக்கச் சொன்னால், என் மீசையை ஏன் பிடிக்கிறீர்?"

ஸ்டாப்பே சிரித்தது. பைக்குள் போனைத் துழாவினாள்... அப்படியே மண்ணுக்குள் போய்விடலாமா?

"அணைக்காதீங்க... ராஜா இன்னும் திட்டி முடிக்கல."

நிமிர்ந்தாள். எதிரே ஓர் இளைஞன். இமையில் மழைத்துளி... அதன் கீழே சிரிக்கும் இரண்டு கண்கள்.

"நீங்களும் இந்தக் கதை கேக்குறீங்களா?"

"நாலு தடவை வாசிச்சாச்சு. அடுத்து தளபதி அந்தப்புரக் குளத்துல விழுவாரு."

"ஐயோ, சொல்லாதீங்க! எனக்கு ஆறாம் அத்தியாயந்தான் ஆச்சு!"

அவன் செல்வகணேஷ். நாகர்கோவில்காரன். கிழக்கேகோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளுக்கு அதே தெருவில் தையல் கடை. பிறகு தினமும், பஸ் வரும்வரை, ஆளுக்கொரு காதில் அந்தக் கதை... பஸ் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்ட காலம் அது!

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது, அவன் அந்தப் புத்தகத்தையே நீட்டினான். காது சிவந்திருந்தது.

"இதை மட்டும் கேக்க வேண்டாம்... நீங்களே வாசிங்க. கடைசிப் பக்கம் வரைக்கும்."

நாச்சியார் தலையாட்டினாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. இத்தனை புத்தகம் படித்தவனிடம் அதை எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே கதைதானே... போனிலேயே கேட்டு முடித்தாள்.

"கடைசிப் பக்கம்... வாசிச்சீங்களா?" மறுநாள் மெல்லக் கேட்டான்.

"பின்னே! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு, கேட்டோ!" என்றாள், மலையாள வாடையோடு.

அவன் முகம் வாடியது. அன்று அவன் பஸ் ஏறவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஸ்டாப்பில் அவன் இல்லை.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்?

ஐந்தாம் நாள் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், அச்சுக்குக் கீழே, நீல மையில் மூன்று வரிகள்... கையெழுத்து! அம்மாவிடம் காட்டி வாசிக்கச் சொல்லலாமா? சீ... வேறு யாரும் பார்க்கக் கூடாது.

மழையோடு மழையாகக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள்.

"என்ன, இன்னும் சிரிக்க பாக்கி இருக்கா?" அவன் நிமிரவில்லை.

"எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது." சொல்லியே விட்டாள். "போன்லதான் கேட்டேன். நான் சிரிச்சது தளபதியை நினைச்சு... உங்களை இல்ல. இது என்னன்னு நீங்களே வாசிங்க."

"இங்கயா? கடைக்கு ஆள் வருமே..."

"வரட்டும்."

புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை விரித்தான்.

"நாச்சியார்... இந்தக் கதை முடிஞ்சா, உங்க பக்கத்துல நிக்க எனக்கு... ஒரு காரணமும் இல்ல. காரணமே இல்லாம நிக்கலாமா... ஆயுசு முழுக்க?"



"போன்ல வாசிக்கிறவர் இப்படித் திக்க மாட்டாரு," என்றாள். கண் நிறைந்திருந்தது.

"அப்போ அவர்கிட்டயே கேட்டுக்கோங்க!"

"வேண்டாம். இனி எனக்கு எல்லாம் நீங்கதான் வாசிச்சுத் தரணும்."

"எத்தனை நாளைக்கு?"

"உங்களுக்கே கண்ணாடி வேண்டி வர்ற வரைக்கும்..." தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கு அப்புறமும்."